அப்பா அம்மாவோட இத்தாலி கிராமத்துல ஒரு வாரம், சிலெந்தோ பக்கம் யாராவது போயிருக்கீங்களா?

மியூனிக்வாசி
வணக்கம் மக்களே, செப்டம்பர்ல அப்பா அம்மா ஊர்லேந்து வர்றாங்க. ரோம், வெனிஸ்னு கூட்டத்துல அலைய வேணாம், தோட்டம் தொரவு இருக்கற சின்ன ஊரா பாத்து ஒரு வாரம் தங்கி, அங்க விளையறத சாப்ட்டு நிம்மதியா இருக்கணும்னு அம்மாவுக்கு ஆசை. நேபிள்ஸுக்கு தெக்க சிலெந்தோன்னு ஒரு பகுதி கண்ல பட்டுது. அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. அப்பா எல்லாம் சாப்பிடுவார், ஆனா முழங்கால் வலி. சாப்பாடு சரிப்படுமா? கார் இல்லாம முடியுமா?

ஊர்சுத்தி
யோசிக்காம போங்க ப்ரோ, அமால்ஃபி பக்கம் மட்டும் திரும்பிடாதீங்க, அங்க கூட்டமும் வெலையும் ரெண்டும் தாங்காது. ஹோட்டல் வேணாம், அக்ரிதூரிஸ்மோ, அதாவது விருந்தாளிங்கள தங்க வெக்கற விவசாயப் பண்ணை, அத போடுங்க. அதுக்குன்னு 1985லயே சட்டம் இருக்கு, விவசாயம்தான் முக்கிய தொழிலா இருக்கணும், விருந்தாளிய தங்க வெக்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். அதனால மேசைக்கு வர்றது பெரும்பாலும் அவங்க நெலத்துலயோ பக்கத்துலயோ வெளைஞ்சதா இருக்கும். ஆனா புக் பண்றப்ப ராத்திரி சாப்பாடு உண்டான்னு கேட்டு வாங்குங்க, சில எடத்துல ரூம் மட்டும்தான். செப்டம்பர் நல்ல மாசம், ஆகஸ்ட் நடுவுல வர்ற இத்தாலிக்காரங்க கூட்டம் கலைஞ்சிருக்கும், வெள்ளை அத்திப்பழத்த தட்டுல பரப்பி வெயில்ல காய வெக்கறத பாக்கலாம். ஆலிவ் பறிக்கறது பாக்கணும்னா அக்டோபர், நவம்பர் ஆயிடும்.

சேலத்துக்காரி
சைவத்துக்கு இத விட நல்ல எடம் இத்தாலில கம்மி தம்பி, நானும் சைவம்தான். அமெரிக்காலேந்து வந்த ஆன்செல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி, ஏழு நாட்டு சாப்பாட்டையும் இதய நோயையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி பண்ணவர், இங்க பியோப்பிங்கற கடலோர கிராமத்துலதான் ரொம்ப வருஷம் வாழ்ந்தார், 100 வயசு வரைக்கும் இருந்தார். மத்தியதரைக்கடல் உணவு முறைய 2010ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தப்ப இத்தாலி சார்பா காமிச்சதும் சிலெந்தோவத்தான்.

அம்மாவுக்கு லாகனே எ செச்சி கேளுங்க. ரவை மாதிரி கெட்டி கோதுமை மாவும் தண்ணியும் மட்டும்தான், முட்டை கிடையாது, நீள கட்டையால தேச்சு அகல நாடாவா வெட்டி, முந்தின நாள் ராத்திரியே ஊற வெச்ச கொண்டக்கடலையோட சேத்து, கடைசில பூண்டு தாளிச்ச ஆலிவ் எண்ணெய ஊத்துவாங்க, அந்த வாசனைக்கே பசிக்கும். கடலை சிச்செராலேங்கற ஊர்ல வெளையறது, சின்னதா லேசா பொன்னிறமா இருக்கும். அப்புறம் அக்வாசாலே, காஞ்ச ரொட்டிய தண்ணில நனைச்சு தக்காளி, ஓரிகானோ, எண்ணெய், வயல்ல வேலை பாக்கறவங்க சாப்பாடு. புசில்லிங்கற பாஸ்தா மட்டும் சில வீட்ல முட்டை போட்டு பெசைவாங்க, கேட்டுக்கோங்க.

வெறும் "வெஜிடேரியன்"னு சொல்லி விட்டுடாதீங்க. சூப்புல துளி பன்றிக்கொழுப்பு போட்டா அவங்களுக்கு அது கறி கணக்கே இல்ல. பன்செத்தா (உப்பு போட்ட பன்றி வயித்துக்கறி), நெத்திலி, கறி வேக வெச்ச தண்ணி எதுவும் கூடாதுன்னு ஒவ்வொண்ணா எழுதி புக்கிங் மெசேஜ்லயே அனுப்புங்க. இன்னொண்ணு, அங்க பேர் போன எருமைப்பால் மொசரெல்லா சீஸ், கன்னுக்குட்டி வயித்துலேந்து எடுக்கற ரென்னெட் போட்டுத்தான் ஒறைய வெக்கறாங்க, அம்மா அத பாப்பாங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க, சாப்ட்ட அப்புறம் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்.

பழையஓட்டுநர்
கார் கண்டிப்பா வேணும். ரயில் பேஸ்தும், அக்ரோபோலி, அஷேயான்னு போகும், ஆனா மேல மலை கிராமத்துக்கு பஸ்ஸ நம்பி பெரியவங்கள கூட்டிட்டு போக முடியாது. சலேர்னோல கார் எடுத்துக்கோங்க, சின்ன காரா எடுங்க, ரோடு பூரா கொண்டை ஊசி வளைவு, ஊருக்குள்ள சந்து ரொம்ப குறுகல். அப்பா முழங்காலுக்காக சொல்றேன், பழைய ஊர் நடுவுல வீடு எடுக்காதீங்க, எங்க பாத்தாலும் படிக்கட்டு. ஊருக்கு வெளிய, தரைத்தளம், கார் வாசல் வரைக்கும் வரணும்.

மத்யானம் 1 மணிக்கு கடையெல்லாம் சாத்தினா தொறக்க 4, 5 ஆகும், ராத்திரி சாப்பாடு 8க்கு மேலதான். சீக்கிரம் சாப்பிடற பழக்கம் இருந்தா கைல பழம், ரொட்டி வெச்சுக்கோங்க. ஒரு காலை மட்டும் பேஸ்தும் கிரேக்க கோயிலுக்கு ஒதுக்குங்க, மூணு கோயில், 2400 வருஷத்துக்கு மேல ஆச்சு, தூணெல்லாம் இன்னும் நிக்குது. எல்லாம் சமதரை, அப்பா மெதுவா நடந்துடலாம், வெயில் ஏறதுக்குள்ள போய்டுங்க.

மியூனிக்வாசி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரம் எதிர்பாக்கல. அக்கா, காலைல டிபனுக்கு என்ன பண்ணுவீங்க?

சேலத்துக்காரி
அங்க காலைல இனிப்புதான் தம்பி, கேக்கு, கொர்னெத்தோங்கற குரோசான் மாதிரி பன்னு, ரெண்டுலயும் முட்டை இருக்கும். ரொட்டி, அத்திப்பழ ஜாம், தக்காளி, பழம் வெக்க சொல்லுங்க, சந்தோஷமா வெப்பாங்க. ரிக்கோட்டாவும் தருவாங்க, அது சீஸ் எடுத்த மீதி தண்ணில செய்யறது, அதனால அந்த ரென்னெட் சங்கதி அதுக்கும் பொருந்தும். கிச்சன் இருக்கற ரூமா கெடைச்சா எடுத்துடுங்க, அம்மாவுக்கு ரெண்டாவது நாளே ரசம் வெக்கணும்னு தோணும், தக்காளி அங்க அவ்ளோ நல்லா இருக்கும், புளியும் பெருங்காயமும் மட்டும் நீங்க எடுத்துட்டு போனா போதும்.