மறுமொழி: ‘ஹோவர்’ – மிதத்தலா, நிற்றலா?

குழுவினருக்கு வணக்கம். ஹெலிகாப்டர் காற்றில் ஓரிடத்திலேயே நிற்பதை ஆங்கிலத்தில் ‘ஹோவர்’ (hover) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> மிதத்தல், அந்தரநிலை, வட்டமிடல், நிலைப்பறப்பு என நான்கு வந்துவிட்டன. ஒன்றை முடிவு செய்துகொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம்தான். ஆனால் மூன்று வாரமாக வீட்டுக் கூடத்தில் ஒரு பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். ரிமோட்டைக் கையில் பிடித்த பிறகு இந்த நான்கில் எதுவும் எனக்கு ஒட்டவில்லை.

வட்டமிடல் பருந்தின் வேலை. இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதை விட்டுவிடலாம். மிதத்தல் பலூனுக்குப் பொருந்தும், ஏனென்றால் பலூன் எதுவும் செய்யாமலே மேலே இருக்கும். ஹெலிகாப்டருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. சுழலி (தலைக்கு மேலே சுற்றும் விசிறி) தரும் தூக்குவிசை எடைக்குச் சரியாக இருந்தால் அது நிற்கும். துளி கூடினால் ஏறும், துளி குறைந்தால் இறங்கும். ரிமோட்டில் உள்ள குச்சியைத் தள்ளியதும் உடனே ஏறுவதும் இல்லை, ஒரு கணம் தாமதிக்கும். அந்தக் கணத்தில் பொறுமை இழந்து இன்னும் தள்ளினேன், கூரையில் போய் இடித்தது. கூரையை நெருங்கும்போது சுழலிக்கு மேலே காற்றழுத்தம் குறைந்து வண்டியை மேலேயே இழுக்கும் என்பது அப்போது தெரியாது. சரி, ஒருவழியாக நிற்க வைத்துவிட்டோம் என்று பார்த்தால், பேட்டரி இறங்க இறங்க அதே குச்சி நிலையில் வண்டியும் மெல்ல இறங்குகிறது. பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதாகத் தெரியும். கட்டைவிரலுக்குத்தான் ஓய்வே இல்லை.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. முதல் நாளே ஒரு சாண் உயரத்தில் நன்றாக நின்றது, பழகிவிட்டேன் என்று நினைத்தேன். சுழலியின் விட்டத்துக்கும் குறைவான உயரத்தில் இருக்கும்போது, கீழே தள்ளிய காற்று தரையில் பட்டு மெத்தை போட்டதுபோல் ஏந்திக்கொள்கிறது. இடுப்பளவு உயர்த்தியதும் அந்தச் சலுகை போய்விட்டது. சின்ன அறையென்றால் இன்னும் மோசம்: அது கிளப்பிய காற்றே சுவரில் மோதித் திரும்பி வந்து அதை ஆட்டும்.

‘அந்தரநிலை’ அழகான சொல். ஆனால் ஈழத்து நண்பர்களுக்கு அந்தரம் என்றால் பதற்றமும் அவசரமும். (என் ஓட்டத்துக்கு அதுவும் பொருத்தம்தான்.) ‘நிலைப்பறப்பு’ என்றால் ஒரே வேகத்தில் நேராகப் போவதாகவும் கொள்ளலாம்.

என் பரிந்துரை ‘நில்பறப்பு’. கொல்களிறு போல வினைத்தொகை. அதனால் ‘நிற்பறப்பு’ என்று புணர்த்த வேண்டாம். நிற்பதும் பறப்பதும் ஒரே சொல்லில் வருகின்றன. தண்ணீருக்கு மேலே சிறகடித்தபடி ஓரிடத்திலேயே நின்று மீனைக் குறிபார்க்கும் கறுப்பு வெள்ளை மீன்கொத்திக்கும், தும்பிக்கும், நான்கு சுழலி ட்ரோனுக்கும் இது செல்லும்.

> பெயர்ச்சொல் சரி. வினையாக எப்படிச் சொல்வது? ‘நில்பற’ என்றா?

நல்ல கேள்வி, பதில் எனக்குப் பட்டுத் தெரிந்தது. போன ஞாயிறு அண்ணன் மகள் கையில் ரிமோட்டைக் கொடுத்தேன். ஒன்பது வயது, என்னைவிட விரல் சுத்தம். வால் தன் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டு அருமையாக ஏற்றினாள். மூக்கு நம்மைப் பார்த்தால் இடம் வலமாகிவிடும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லியிருந்தேன். நெஞ்சுயரத்துக்கு வந்ததும் “நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினேன். அவளும் சொன்ன பேச்சைக் கேட்டு இடக்கைக் குச்சியை ஒரேயடியாகக் கீழே இழுத்துவிட்டாள். சுழலி நின்றது, வண்டி தரையில் விழுந்து வால் விசிறி உடைந்தது. “நீங்கதானே சித்தப்பா நிறுத்தச் சொன்னீங்க?” என்றாள். என்ன பதில் சொல்வது?

ஆகவே நில் என்ற வேரிலிருந்து ஏவல் வேண்டாம். இப்போது நாங்கள் “தாங்கு” என்கிறோம். குச்சியைக் கொஞ்சம் கொடுத்து, விழாமல் பிடி என்பது சொல்லிலேயே இருக்கிறது. எல்லா விமானமும் தன் எடையைத் தாங்கித்தானே பறக்கிறது என்று யாராவது கேட்பீர்கள். நியாயம்தான், அதனால்தான் பெயர்ச்சொல்லுக்கு அதை வைக்கவில்லை. கட்டுரையில் நில்பறப்பு, கூடத்தில் தாங்கு.

காற்றழுத்த உணரி வைத்து உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பொம்மைகள் வந்துவிட்டன, அவற்றுக்கு ஏவலே தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். உயரம் சரி. பக்கவாட்டில் சுவரை நோக்கி நகர்வதை அந்த உணரி பார்ப்பதில்லை.

வண்டி தானாக ஒரு பக்கம் போகாமல் ரிமோட்டில் நேர்செய்வதை ‘ட்ரிம்’ (trim) என்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்கலாம். வால் விசிறி மாற்றியதிலிருந்து வண்டி இடப்பக்கமே திரும்புகிறது. அதைச் சரிசெய்துவிட்டு வருகிறேன்.