என்டரோவைரஸுக்குத் தமிழ்ல என்ன போடலாம்? (அவசரம், நாளைக்கு அச்சுக்குப் போகுது)

எல்லாருக்கும் வணக்கம். கை-கால்-வாய் நோய் பத்தி பெற்றோருக்கு ஒரு துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். "காக்ஸாக்கி ஏ16, ஏ6, என்டரோவைரஸ் ஏ71 மாதிரி வைரஸ்களால வருது"ன்ற வரியிலயே நிக்கிறேன். "போன வருஷம்தானே வந்துச்சு, மறுபடி எப்படி?"ன்னு அம்மாக்கள் கேக்குறாங்க. வேற வேற வைரஸ், ஒண்ணு வந்துபோனா இன்னொண்ணுக்குத் தடுப்பு இருக்காதுன்னு புரியவைக்கணும், அதுக்குப் பேர் வேணும்.

> மறுமொழி
என்டரான்னா கிரேக்கத்துல குடல். நச்சுயிரின்னா வைரஸ், அதனால குடல் நச்சுயிரின்னு போடுங்க. சேர்த்து எழுதினா நன்னூல்படி லகரத்துக்குப் பின்னாடி வர்ற நகரம் னகரமாத் திரிஞ்சு லகரம் கெடும், அப்ப குடனச்சுயிரி. வைரஸுக்கு இன்னொரு சொல்லான தீநுண்மிய வெச்சா குடற்றீநுண்மி. குடர்னு கடைப்போலியும் இருக்கு, பந்தல் பந்தர் மாதிரி.

> மறுமொழி
ஐயா, குடற்றீநுண்மிய எந்த அம்மா படிப்பாங்க? குழந்தைக்குக் காய்ச்சல், வாயெல்லாம் புண், எச்சில் முழுங்க முடியாம அழுதுட்டிருக்கும். வைரஸ்னே விடுங்க. குடல்னு பாத்தா பேதின்னு வேற நினைப்பாங்க. மாட்டுக்கு வர்ற கோமாரி வேற வைரஸ், அதையும் ஒரு வரி சேருங்க, குழப்பிக்கிறாங்க.

> மறுமொழி
காக்ஸாக்கிய மட்டும் தயவுசெஞ்சு மொழிபெயர்க்காதீங்க, அது நியூயார்க் மாநிலத்துல ஒரு ஊர்ப்பேர், 1948ல அந்த ஊர்க் குழந்தைங்ககிட்ட கண்டுபிடிச்சது. ஏ6 வந்தா சில வாரம் கழிச்சு நகம் கழண்டு விழலாம், ஏ71 அபூர்வமா மூளையைத் தாக்கும். அதனால ஏ6, ஏ71ன்ற எண்களை விட்டுடாதீங்க.

> மறுமொழி
குடல்வழி வைரஸ்? வகரம் வந்தா புணர்ச்சி விகாரமே இல்ல. குணமான பிறகும் வாரக்கணக்குல மலத்துல வெளியேறுது, டயபர் மாத்தினா கை கழுவணும்னு பேரே ஞாபகப்படுத்தும்.

> மறுமொழி (தொடங்கியவர்)
நாலு பேர் தனி மடல்லயும் சரின்னுட்டாங்க. "குடல்வழி வைரஸ் (என்டரோவைரஸ்)"னு அனுப்பிட்டேன். நன்றி, கண்ணு சொருகுது.

> மறுமொழி
என் மறுப்பைப் பதிவு பண்ணிக்கோங்க. எச்சில், கொப்புளத்து நீர், தும்மல்னு எல்லா வழியிலயும்தான் பரவுது. என்டரோவைரஸ்லயே டி68ன்ற வகை மூச்சுப்பாதையைப் பிடிக்குது, அதுக்கும் குடல்வழியா? அடுத்த பதிப்புக்கு முன்னாடி மறுபடி பேசியே ஆகணும்.