டேப்பில் காமிக்ஸ் படிப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. எனக்கு பாலக்கோடு. தமிழ் காமிக்ஸ் சிவகாசியிலிருந்து கூரியரில் வந்துவிடுகிறது, அதில் குறையில்லை. ஆங்கில ஆல்பங்கள்தான் தர்மபுரி கடைகளில் கண்ணிலேயே படுவதில்லை. டிஜிட்டலில் வாங்கலாமென்றால், போனில் பலூனுக்குள் இருக்கும் வசன எழுத்து கடுகு சைஸில் தெரிகிறது. பெரிதாக்கினால் பக்கத்துக் கட்டம் ஓடிப்போகிறது. பத்து இஞ்ச் டேப் போதுமா? அமேசானின் மின்னூல் கருவியான சாதா கிண்டில் கறுப்பு வெள்ளை, வண்ணக் கதைக்கு ஆகாது.

டிஜிட்டல் காமிக்ஸ் படிக்க இருந்த அமேசானின் காமிக்ஸாலஜி செயலியையே 2023 டிசம்பரில் கிண்டில் செயலியோடு சேர்த்துவிட்டார்கள். நாளைக்கு அதுவும் மாறினால், காசு கொடுத்து வாங்கியது நம்மிடம் நிற்குமா? பிடிஎஃப், சிபிஇசட் (காமிக்ஸ் பக்கப் படங்களை ஒன்றாகக் கட்டிய கோப்பு வகை) கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள விடும் கடைகள் எவை? வாங்கிப் படிப்பவர்கள் சொல்லுங்கள். டெலிகிராம் திருட்டு ஸ்கேன் லிங்க் மட்டும் வேண்டாம், சாமி!