அனுபவப் பகிர்வு: பிள்ளைகள் பனிச்சறுக்குப் பழகிய விதம்

பேர்ண் மாநிலத்திலிருந்து ஒரு தாய்:

சுவிட்சர்லாந்தில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் ஸ்கி எனப்படும் சறுக்குப் பலகைக்கான சப்பாத்தை முதன்முதலாக மாட்டிக்கொள்வது பாடசாலைப் பனிச்சறுக்கு முகாமில்தான். வகுப்பில் பலர் மூன்று நான்கு வயதிலேயே பழகிவிட்டிருக்க, நம் பிள்ளை பத்து வயதில் முதன்முறையாகப் பனியில் நிற்கும்போது, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைவிட எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சமே அதிகமாக வருத்துகிறது. என் மகள் முகாமுக்குப் போகமாட்டேன் என்று அழுததற்கும் அதுவே காரணம். செலவு எங்களுக்குத் தடையாக இருக்கவில்லை. கட்டாயமான முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவாக, பிள்ளையின் வயதைப் பொறுத்து, நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்க் வரை மட்டுமே அறவிடலாம் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருந்தது.

ஆகவே முகாமுக்கு முன்பே எங்கள் மாநிலத்து மலைப்பகுதியான பெர்னர் ஓபர்லாந்தில் ஒரு சிறிய பயிற்சிச் சரிவுக்கு அவளை அழைத்துச் சென்றோம். அங்கிருந்த ஆசிரியை அவளை உடனே மேலே கூட்டிச் செல்லவில்லை. சமதரையில் ஒரு காலில் மட்டும் ஸ்கியை மாட்டி நடக்கவைத்தார். பிறகு மற்றக் காலில். அடுத்து, விழுந்தால் எழுவது எப்படி என்பதை, அவள் விழுவதற்கு முன்பே கற்றுக்கொடுத்தார்: இரண்டு ஸ்கிகளையும் உடலுக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே வைத்து, மேற்பக்கத்தில் கைகளை ஊன்றி எழவேண்டும். குறுக்கே வைக்காவிட்டால் எழுந்த கணமே ஸ்கி வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பது அவளுக்கு உடனே புரிந்தது.

அதன் பிறகுதான் ஸ்கிகளின் முன்நுனிகள் நெருங்கப் பின்பகுதிகள் விரிந்து வேகத்தைக் குறைக்கும் நிலை வந்தது. பிள்ளைகள் எல்லோரும் அதைப் பீட்சா என்றே சொல்கிறார்கள். ஆசிரியை சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்: "எங்கே நிற்பது என்று நீயே முடிவு செய், அங்கே நின்று காட்டு." நான் சொல்லும் இடத்தில் நில் என்று அவர் சொல்லவில்லை. தான் நினைத்த இடத்தில் தன்னால் நிற்க முடிகிறது என்று மகள் கண்டுகொண்டபோது, நாங்கள் மணிக்கணக்காகச் சொன்ன "பயப்படாதே" செய்யாததை அது செய்துவிட்டது. கம்பளம் போல நகரும் ஏற்றப்பட்டியில் ஏறி மீண்டும் மீண்டும் இறங்கினாள்.

சப்பாத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். குளிருமென்று இரண்டு சோடி காலுறை போடாதீர்கள். சப்பாத்துக்குள் கால் இறுகி இரத்த ஓட்டம் குறைவதால் இன்னும் அதிகமாகக் குளிரும். நீளமான மெல்லிய காலுறை ஒன்றே போதும். அண்ணன்மார் பாவித்த ஸ்கியை வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் சப்பாத்தைப் பூட்டும் பிணைப்பைக் கடையில் கொடுத்து, பிள்ளையின் எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம் ஆகியவற்றுக்கேற்ப மறுபடியும் சரிசெய்யவேண்டும். விழும்போது அது கழன்றுகொள்ளாவிட்டால் அந்த அடி முழங்காலில்தான் விழும்.

ஆர்காவ் மாநிலத்திலிருந்து, பாடசாலை முகாம்களில் உதவுபவர்:

மேலே எழுதிய சகோதரி நிற்கும் திறமையை முதலில் வைத்தது மிகச் சரி. அந்தத் திறமை கைக்கு வருமுன் மேலே போன ஒரு பையனைப் பற்றி எழுதுகிறேன். பன்னிரண்டு வயதிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின், நீலச் சரிவில் (எளிய சரிவு) நன்றாகப் பழகிய நண்பர்களோடு, கம்பிவடத்தில் ஓடும் இருக்கைத் தூக்கியில் ஏறி, அதைவிடக் கடினமான சிவப்புச் சரிவின் உச்சிக்குப் போய்விட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்; எழ மறுத்தான்.

அச்சம் வரும்போது பிள்ளையின் உடல் மலைப்பக்கமாகப் பின்னால் சாய்கிறது, அது இயல்பு. ஆனால் பாரம் ஸ்கியின் பின்பகுதிக்குப் போய்விட்டால் முன்பகுதி பனியைப் பற்றாது, திருப்பமும் கிடைக்காது, வேகம் கூடும். பயந்ததே நடந்துவிடுவதால் பயம் இரட்டிப்பாகிறது. இந்தச் சுழலை வார்த்தையால் உடைக்க முடியாது.

நான் அவனுக்குக் கீழ்ப்பக்கமாக நின்று பள்ளத்தாக்கை என் உடலால் மறைத்துக்கொண்டேன். ஸ்கிகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழச்செய்து, மேற்பக்க விளிம்புகளைப் பனியில் அழுத்தினால் அவை கத்தி போலப் பிடித்துக்கொள்வதை முதலில் உணரவைத்தேன். பிறகு அந்தப் பிடியைச் சற்றே தளர்த்தி ஒரு சாண் பக்கவாட்டில் வழுக்குவதும், மறுபடி அழுத்தி நிற்பதுமாக இறங்கினோம். கீழே பார்க்காமல் எதிர் ஓரத்தைப் பார்க்கும்படியும், கணைக்கால் எலும்பு சப்பாத்தின் நாக்கில் அழுந்தும்படி கைகளை முன்னே வைத்துக்கொள்ளும்படியும் சொல்லிக்கொண்டே வந்தேன். சரிவு தணிந்த இடங்களில் மட்டுமே திரும்பினோம். நேரம் எடுத்தது, ஆனால் தன் காலிலேயே வந்தான்.

மறுநாள் அவனை அந்தச் சரிவுக்கு அழைத்துச் செல்லவில்லை. நீலச் சரிவிலேயே அந்தப் பக்கவாட்டு வழுக்கலைப் பழகினோம். மேலே போகலாமா என்று அவனே கேட்கும்வரை நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "நண்பர்களோடு போகட்டும், தானாகப் பழகிவிடுவான்" என்று சொல்லும் பெற்றோரை அடிக்கடி காண்கிறேன். அந்த அறிவுரையை நான் முழுமையாக மறுக்கிறேன். அப்படிப் போய்ப் பயந்த பிள்ளைகளில் சிலர் அதன் பிறகு பனிப்பக்கமே வருவதில்லை. மதியத்துக்குப் பின் கால்கள் களைத்திருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்; புதிய சரிவைக் காலையில்தான் காட்டவேண்டும்.

ஒஸ்லோவிலிருந்து ஒரு தந்தை:

நோர்வேயில் எங்கள் பிள்ளைகள் பாலர் பாடசாலையிலேயே, குதிகால் பூட்டப்படாத மெல்லிய சமவெளி ஸ்கியில் தொடங்கிவிடுகிறார்கள். கைத்தடி கொடுப்பதில்லை. ஒருவரையொருவர் துரத்திப் பிடிப்பதும், சிறு பனிமேட்டிலிருந்து இறங்குவதும், விழுந்து சிரிப்பதுமாக விளையாடும்போதே சமநிலை காலில் வந்து சேர்ந்துவிடுகிறது. ஒஸ்லோவில் உள்ள திரிவான் (Tryvann) என்ற பனிச்சறுக்குச் சரிவில் முதன்முதலாக நின்றபோது என் மகனுக்கு வேகம் புதிதாக இருந்தது. விழுவது புதிதாக இருக்கவில்லை.

சிறு பிள்ளையின் இடுப்பில் வார் கட்டிப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு இறக்கலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் வேண்டாமென்றே சொல்வேன். பிள்ளை வாரில் சாய்ந்துகொள்கிறது; வேகத்தைப் பெரியவர் குறைத்துவிடுவதால் ஆர்காவ் நண்பர் சொன்ன அதே பின்சாய்வு பழக்கமாகிவிடுகிறது, நிற்கவும் பழகுவதில்லை. வார் இல்லாமல் நிற்கமுடியாத சரிவென்றால், அந்தச் சரிவு அந்தப் பிள்ளைக்கு இன்னும் பொருத்தமானதல்ல. தூக்கியில் ஏற்றி இறக்கும்போது பிடித்துக்கொள்ள முதுகில் கைப்பிடி வைத்த மேலங்கி உதவும். அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.