ரீமெர்ஜ்-டிஃப்: ‘கைத்திருத்தம்’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் சொற்களைத் தமிழில் எழுதும் நம் சொற்பட்டியலில், தனித்தனியே வளர்ந்த கிளைகளை ஒன்றாக்கும் மெர்ஜுக்கு ‘ஒன்றிணைப்பு’ என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போய்விட்டோம். வெறும் ‘இணைப்பு’ என்றால் வலைச்சுட்டியா, மின்னஞ்சலோடு வரும் கோப்பா என்ற குழப்பம் வரும். இப்போது மிச்சம் இருப்பது கிட்டில் உள்ள ரீமெர்ஜ்-டிஃப். அதற்கு இங்கே வந்திருக்கும் ‘மறு ஒன்றிணைப்பு வேறுபாடு’ எனக்குச் சரியாகப் படவில்லை. கருவி உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. திரையில் பார்ப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பது அதில் இல்லை.

2022 ஏப்ரலில் வந்த கிட் 2.36-இல் இந்த வசதி சேர்ந்தது. பழைய ஒன்றிணைப்பு ஒன்றை எடுத்து, அதன் இரண்டு தாய்க் கமிட்டுகளையும் (அது சேர்த்த இரு கிளைகளின் பதிவுகள்) கிட் தானாகவே மறுபடி சேர்த்துப் பார்க்கும். பிணக்கு (கான்ஃபிளிக்ட், இரு பக்க மாற்றங்களும் மோதுவது) வந்த இடத்தில், இரு பக்கத்தையும் பிரித்துக் காட்டும் பிணக்குக் குறிகளை அப்படியே விட்டுவிடும். அப்புறம் அந்த முடிவையும், அன்று மனிதர் பதிந்துவைத்த முடிவையும் ஒப்பிட்டுக் காட்டும். ஆக, திரையில் வருவது இயந்திரம் விட்ட இடத்துக்குப் பிறகு மனிதக் கை செய்த வேலை மட்டும். கை படாத ஒன்றிணைப்பு என்றால் ஒன்றுமே வராது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பில் போடும் நிரலில் ‘வரி = தொகை * 0.12’ என்று ஒரு நிரல்வரி. முதன்மைக் கிளையில் ஒருவர் 0.12-ஐ 0.18 ஆக்குகிறார். இன்னொருவர் தன் கிளையில் ‘தொகை’யை ‘மொத்தம்’ என்று மாற்றுகிறார். ஒன்றிணைப்பவர் இரண்டாம் கிளையின் நிரல்வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறார். புதிய வரிவிகிதம் போயிற்று! ஒரு கமிட்டைக் காட்டும் கிட் ஷோ கட்டளை வழக்கமாகத் தரும் சுருக்கிய கூட்டு வேறுபாட்டில் (எல்லாத் தாய்களோடும் சேர்த்து ஒப்பிடுவது) இது தெரியவே தெரியாது. முடிவு ஒரு தாயோடு முழுக்க ஒத்துப்போனால் அந்தப் பகுதியை அது விட்டுவிடும். வரலாற்றைப் பட்டியலிடும் கிட் லாக் ஒன்றிணைப்புகளுக்கு, கேட்டாலொழிய, வேறுபாடே காட்டாது. ரீமெர்ஜ்-டிஃபில் மட்டும் பிணக்குக் குறிகளும் 0.18 இருந்த நிரல்வரியும் கழித்தல் குறியோடு வந்து நிற்கும். மறுபார்வை செய்பவர் தேடுவது இதைத்தான்.

அதனால் என் பரிந்துரை ‘கைத்திருத்தம்’. ‘இந்த ஒன்றிணைப்பின் கைத்திருத்தத்தைக் காட்டு’ என்று சொன்னால் புதிதாகச் சேர்ந்தவருக்கும் புரியும். முதலில் ‘கைத்தீர்வு’ நல்லது என்றுதான் நினைத்தேன். ஆனால் பிணக்கே இல்லாத ஒன்றிணைப்பிலும் ஒருவர் கூடுதலாக எதையாவது மாற்றிப் பதியலாம். அங்கே தீர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. திருத்தம் மட்டும் இருக்கிறது.

கான்ஃபிளிக்டுக்குப் ‘பாடபேதம்’ (ஒரே நூலின் சுவடிகளுக்கிடையே உள்ள வேறுபாடு) என்று வைக்கலாமா என்று கேட்ட நண்பருக்கு: சொல் அழகானது, சுவடி பார்த்துப் பதிப்பித்தவர்களிடமிருந்து நேராக வருவது. ஆனால் பேதம் வேறு, பிணக்கு வேறு. பொது மூதாதைக் கமிட்டிலிருந்து ஒரு கிளை மட்டும் மாறியிருந்தால் பேதம் உண்டு, பிணக்கு கிடையாது. கிட் மாறியதை எடுத்துக்கொண்டு போய்விடும். இருவரும் ஒரே இடத்தை வேறு வேறாக மாற்றினால்தான் பிணக்கு. ‘பிணக்குத் தீர்த்தல்’ என்று நம் பேச்சிலேயே வழங்குவதால் ரிசால்வ் என்பதற்குத் தனியாக ஒன்று தேட வேண்டியதில்லை.

சுவடித் துறையிலிருந்து நாம் அவசியம் எடுக்க வேண்டிய சொல் இன்னொன்று இருக்கிறது: இடைச்செருகல். எந்தத் தாயிலும் இல்லாத மாற்றம் ஒன்றிணைப்பில் நுழைந்தால் கிட்டின் சொற்களஞ்சியம் அதை ஈவில் மெர்ஜ் என்கிறது. அதைத் ‘தீய ஒன்றிணைப்பு’ என்று எழுத வேண்டாம். பல நேரம் அந்த மாற்றம் தேவையானதே. ஒரு கிளையில் செயற்கூறின் (ஃபங்ஷன்) பெயர் மாறியிருக்கும், மறு கிளையில் பழைய பெயரில் புது அழைப்பு இருக்கும். பிணக்கு வராது, நிரல் மட்டும் உடையும். ஒன்றிணைப்பவர் கைவைத்தே தீர வேண்டும். ‘இடைச்செருகல்’ என்றால் மூலத்தில் இல்லாதது நடுவில் சேர்ந்திருக்கிறது என்ற செய்தி வந்துவிடுகிறது. யார் சேர்த்தார், ஏன் சேர்த்தார் என்று கேட்கவும் தோன்றுகிறது.

ரீரீரீக்குத் ‘தீர்வு நினைவு’ போதும். ஒருமுறை தீர்த்த பிணக்கு மறுபடி வந்தால் பழைய தீர்வையே போடுவதுதான் அதன் வேலை.

மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: ‘கைத்திருத்தம்: தானியங்கி ஒன்றிணைப்பின் முடிவுக்கும் பதியப்பட்ட ஒன்றிணைப்புக்கும் உள்ள வேறுபாடு. பிணக்குத் தீர்வு, இடைச்செருகல் இரண்டும் இதில் அடங்கும்.’ இரண்டுக்கு மேல் தாய் உள்ள ஆக்டோபஸ் மெர்ஜுக்கு இந்த வசதி வேலை செய்யாது என்பதால் அந்தப் பெயரை இதோடு கலக்கவில்லை. ‘பலகிளை ஒன்றிணைப்பு’ சரிவருமா என்று தனி இழையில் பேசலாம்.