தண்ணீர்ச் சாணை மெஷினில் உளி வாய் கோணலாகுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

தக்கலை பக்கம் நம்ம மரப்பட்டறையில தண்ணியில ஓடுற சாணை மெஷின் இருக்கு. கல்லு 250 மி.மீ விட்டம், 50 மி.மீ அகலம், நிமிஷத்துக்கு 90 சுத்து. வெட்டுக்கத்தி, அரிவாளெல்லாம் அருமையா வருது. சிக்கல் அகல உளியிலயும் இழைப்புளி அலகுலயும்தான். 25 டிகிரியில பிடிச்சா வலது மூலை முந்தித் தேயுது, வாய் மூலைமட்டத்துக்கு நிக்கல. மார்க்கர் தடவிப் பார்த்தா கல்லு முதல்ல தொடுறது அந்த ஓரத்தைத்தான்.

டைமண்ட் முனையால கல்லை முழு அகலத்துக்கும் மெதுவா சமப்படுத்தியாச்சு. தாங்குகம்பிக்கும் கல்லுக்கும் இடைவெளி ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணுதான். வேலை முடிஞ்சதும் தொட்டியை இறக்கிடுறோம். (கல்லு பாதி முங்கியே நின்னா ஒரு பக்கம் மட்டும் தண்ணி குடிச்சு, சுத்தும்போது ஆடும். இதை எல்லாரும் கவனிங்க.)

மிச்ச சந்தேகம் ஜிக் (உளியைக் கோணம் மாறாம இறுக்கிப் பிடிக்கிற பிடிப்பான்) மேல. பழைய ஆசாரி உளிகள் மேல போகப்போகக் குறுகி, முதுகும் சரிவா இருக்கு. ரெண்டு திருகையும் சமமா இறுக்கினாலும் உளி சாயுது. மட்டப் பக்கத்தை ஆதாரமா வைக்கணுமா, ஓரத்தையா? விரல் அழுத்தத்தை இடது மூலைக்கு மாத்தினாலே சரியாகுமா? அப்புறம், டைமண்ட் முனை நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகள்ல தனியா கிடைக்குமா?