அதிகாரத்தைக் கையில் கொடுத்த மேலதிகாரி: உங்கள் அனுபவம்?

ஒரகடம் நைட்ஷிஃப்ட்

எங்க வண்டி அசெம்ப்ளி பிளான்ட்ல, கோளாறு பார்த்தா இழுக்கற ஆண்டான் கயிறு இருக்கு. டொயோட்டா வழி, பல பேருக்குத் தெரிஞ்சதுதான். இழுத்தா விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வரணும். வண்டி கோட்டைத் தாண்டுறதுக்குள்ள சரியாகலேன்னா லைன் நின்னுடும். "யார் வேணும்னாலும் இழுக்கலாம்"னு போர்டு இருக்கு. இழுக்கத்தான் ஆள் கிடையாது.

ஒரு ராத்திரி, புதுசா வந்த கான்ட்ராக்ட் பையன் ஒருத்தன் டார்க் ரெஞ்ச்ல (போல்ட் சரியான அளவு முறுகினதும் சத்தம் கொடுக்கற ஸ்பேனர்) 'க்ளிக்' சத்தம் வரலேன்னு இழுத்துட்டான். லைன் நின்னு போச்சு. ஷாப் மேனேஜரே இறங்கி வந்தாரு. பையனுக்கு முகம் வெளிறிடுச்சு. அவர் கேட்டது ஒண்ணுதான்: "எந்த போல்ட்டுப்பா?" குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தாரு. மரை போயிருந்தது. எல்லார் முன்னாடியும் பையன் தோளைத் தட்டி "நல்லா பண்ணே"ன்னாரு. அன்னிக்கு விடியறதுக்குள்ள வேற ஸ்டேஷன்லயும் விளக்கு எரிஞ்சது.

அடுத்த வாரம் செக்‌ஷன் இன்சார்ஜ், லைன் நின்ன நிமிஷத்தையும் இழுத்தவன் பேரையும் ஒயிட் போர்டுல எழுத ஆரம்பிச்சாரு. திட்டல, சம்பளத்துல கை வைக்கல. வெறும் பேரு. அதோட விளக்கு எரியறது நின்னு போச்சு. மேனேஜருக்கு இது தெரியுமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

தியேட்டர் அக்கா

தம்பி, பேர் எழுதுறதையே குத்தம்னு சொல்லாதீங்க. ஆபரேஷன் தியேட்டர்ல மாப் கவுண்ட் (ரத்தம் ஒத்தியெடுக்கற துணிகளோட எண்ணிக்கை) எழுதறப்போ எண்ணின நர்ஸ் பேரும் போர்டுல வரும். எங்களுக்குப் பேசற தைரியமே அதுலதான் வருது.

எங்க பழைய சீஃப் சர்ஜன் "சிஸ்டர் கரெக்ட்னு சொல்லாம வயித்தை மூட மாட்டேன்"னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லி வெச்சிருந்தார். ஒரு கேஸ்ல ஒரு மாப் குறைஞ்சது. "உள்ள பாத்துட்டேன் சிஸ்டர், இல்லை"ன்னார். அடுத்த கேஸ் வெளியில காத்திருக்கு, மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தையே பார்க்கறார். நான் திரும்பவும் "ஒண்ணு குறையுது சார்"னேன். நீடில் ஹோல்டரை டிராலியில வெச்சுட்டு மறுபடி கையை உள்ள விட்டார். மண்ணீரலுக்குப் பின்னால இருந்து சுருண்டு வந்தது. ரத்தத்துல ஊறி, துணின்னே தெரியல.

உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டு வந்த ஆபரேஷன் பாதுகாப்பு செக்லிஸ்ட் அப்பவும் சுவத்துல இருந்தது. நோயாளி தியேட்டரை விட்டுப் போறதுக்கு முன்னாடி நர்ஸ் வாய்விட்டுக் கணக்கு சொல்லணும்னு அதுலயே இருக்கு. ஆனா என்னை ரெண்டாவது தடவை வாய் திறக்க வெச்சது அவர் சொல்லி வெச்ச வார்த்தை. இப்ப வேற ஆஸ்பத்திரியில இருக்கேன். அதே செக்லிஸ்ட்தான், கேஸ் நடந்துட்டிருக்கும்போதே கடைசிக் கட்டம் வரைக்கும் டிக் விழுந்துடுது. அதான் மனசு ஆறல.

பழைய எச்.ஆர்.

என் அனுபவம் சின்னது. வாடிக்கையாளர் புகாரை 2,000 ரூபாய் வரைக்கும் கிளையிலேயே தீர்த்துக்கலாம்னு சர்க்குலர் போட்டோம். அப்புறமும் எல்லாரும் போன் போட்டுக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க.

காரணம் இதுதான். 1959ல ஃபிரெஞ்ச், ரேவன்னு ரெண்டு ஆய்வாளர்கள் அதிகாரத்தை அஞ்சா பிரிச்சாங்க: பதவி, வெகுமதி, தண்டனை, துறை அறிவு, ஆள் மேல இருக்கற மதிப்பு. பின்னால ரேவன் தகவலையும் சேர்த்தார். சர்க்குலர் பதவியால வந்தது. தண்டனைப் பயம் போகாதவரை அந்தக் காகிதத்தை யாரும் நம்ப மாட்டாங்க. மேனேஜரா இருக்கறவங்க இதைச் செய்யுங்க. வரம்பை ரூபாயில எழுதிக் கொடுங்க. கீழ இருக்கறவர் எடுக்கற ஆரம்ப முடிவுகளை, உங்களுக்குப் பிடிக்கலேன்னாலும், மாத்தாதீங்க. உங்க மேஜைக்கு வர்ற கணக்கு அவங்களுக்கும் போகட்டும், தகவல் இல்லாம முடிவெடுக்கச் சொல்றது கொடுமை. நடுவுல இருக்கற இன்சார்ஜையும் கூப்பிட்டுப் பேசுங்க, அவருக்கும் ஒரு பயம் இருக்கும். அப்போ இஸ்ரோ தலைவரா இருந்த சதீஷ் தவானைப் பாருங்க. 1979 ஆகஸ்ட்ல எஸ்எல்வி-3 ராக்கெட் கடல்ல விழுந்தப்போ பத்திரிகைக்காரங்க முன்னாடி அவரே உட்கார்ந்தார். 1980 ஜூலையில ஜெயிச்சப்போ திட்ட இயக்குநரா இருந்த அப்துல் கலாமைப் பேசச் சொன்னார்.

கவுண்டர் நம்பர் 4

எச்.ஆர். சார், இங்க யாரும் ஆலோசனை கேட்கல. தவான் விஷயத்துல மைக் கொடுத்ததை மட்டும் சொல்றீங்க. 1979ல ஏவறதை நிறுத்துன்னு கம்ப்யூட்டர் காட்டியும், நிபுணர்கள் பேச்சைக் கேட்டு ஏவலாம்னு முடிவெடுத்தவர் கலாம். அது பொய்யாப் போச்சு. அதுக்கப்புறமும் திட்டத்தை அவர் கையிலேயே விட்டாரே தவான், அதைச் சொல்லுங்க.

எங்க பேங்க்ல மகளிர் சுயஉதவிக் குழுக் கடனுக்கு என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர். "தைரியமா போடுங்க மேடம், நான் இருக்கேன்." ஆடிட் வந்தது. அவங்க ஒரு குழுவோட ஃபைலைத் தூக்கிக் காட்டினதும் இவர் சொன்னது: "அது மேடம் முடிவு, அவங்களையே கேளுங்க." எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன், கடனும் ஒழுங்காத் திரும்பி வந்தது. என்னை மதிச்சுச் சொன்னாரா, கழண்டுக்கிட்டாரா? மாற்றலாகிப் போயிட்டார், கேட்க முடியல.

தியேட்டர் அக்கா

ஆடிட்டர் கேள்வி கேட்கறப்போ அவர் எங்க இருந்தார்?

கவுண்டர் நம்பர் 4

அவர் கேபின்லதான் அக்கா. ஆனா பழைய லோன் ஆபீசரைக் கூப்பிட்டு, பேப்பர் எடுத்துக் கொடுக்க என் பக்கத்துல உட்கார வெச்சிருந்தார். அதனாலதான் ஒரு முடிவுக்கு வர முடியல.